ரீஇன்ஸ்டால் வைத்தியம்: ஒரு மறுப்பு

பிரவுசர் திறந்த கொஞ்ச நேரத்தில் தானாக மூடிக்கொள்கிறது. மறுபடி திறந்தால் மறுபடியும் அதே கதை. இதற்குச் சொல்லப்படும் தீர்வு எங்கே போனாலும் ஒன்றுதான்: முதலில் கேஷை அழி, சரியாகவில்லையா, குக்கீகளையும் ஹிஸ்டரியையும் சேர்த்து அழி, அப்போதும் மூடுகிறதா, பிரவுசரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவு, அதிலும் தீரவில்லை என்றால் விண்டோஸை ஃபார்மட் செய். பழுதுபார்க்கும் கடையில் கேட்டாலும் அலுவலகத்தின் ஐடி பிரிவில் கேட்டாலும் வீட்டில் விவரம் தெரிந்த பிள்ளையிடம் கேட்டாலும் இதே வரிசையைத்தான் ஒப்பிப்பார்கள். இந்த வரிசை தவறானது. கோளாறு இருக்கக்கூடிய இடங்களில் பெரும்பாலானவற்றை அது தொடுவதே இல்லை. தொடும் இடத்திலோ, கோளாறைக் காட்டிக்கொடுக்கும் தடயத்தையும் பயனர் பல வருடம் சேர்த்து வைத்ததையும் அழித்துவிடுகிறது.

நோயைப் பிரித்துப் பார்க்காதது இந்த வைத்தியத்தின் முதல் குறை. ‘கிராஷ்’ என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் நான்கு வெவ்வேறு நிகழ்வுகளாவது கலந்து கிடக்கின்றன. விண்டோ முழுவதும் ஒரே நொடியில் மறைந்துபோவது ஒன்று. விண்டோ அப்படியே இருக்க, ஒரு டேப் மட்டும் செத்து, அதில் மன்னிப்புச் செய்தி வருவது இன்னொன்று. எதுவும் மூடாமல், எங்கே சொடுக்கினாலும் அசையாமல் உறைந்து நிற்பது மூன்றாவது. ஃபோனில் ஓடிபி பார்க்க வேறு செயலிக்குப் போய்த் திரும்பும்போது, பாதி நிரப்பிய படிவம் காணாமல் போய்ப் பக்கம் முதலிலிருந்து ஏறுவது நான்காவது. இந்த நான்காவது கிராஷே அல்ல. நினைவகம் போதாததால் ஆண்ட்ராய்டோ ஐஓஎஸ்ஸோ பின்னணியில் கிடந்த டேபைத் தானே வெளியேற்றியிருக்கிறது. கேஷை அழித்து இதைத் தீர்க்க முடியாது. அழித்தபின் பக்கம் திரும்ப ஏற இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஒரு டேப் சாவதற்கும் மொத்த பிரவுசரும் சாவதற்கும் உள்ள வித்தியாசமும் பெரியது. 2008 செப்டம்பரில் வெளிவந்த குரோம், பக்கங்களைத் தனித்தனி புராசஸ்களாகப் பிரித்து ஓட்டியது. ஃபயர்ஃபாக்ஸ் 2016இல், 48ஆம் பதிப்பிலிருந்து, பக்கங்களைத் தாய் புராசஸிலிருந்து பிரிக்கத் தொடங்கியது. அதன்பின் ஒரு வலைப்பக்கம் எவ்வளவு மோசமாக எழுதப்பட்டிருந்தாலும் பெரும்பாலும் தன் புராசஸை மட்டுமே கெடுத்துக்கொள்ள முடியும். டேப் மட்டும் சாகிறது என்றால் பக்கத்தையோ அதற்குப் போதாத நினைவகத்தையோ சந்தேகிக்கலாம். மொத்த விண்டோவும் மறைகிறது என்றால் தாய் புராசஸ் விழுந்திருக்கிறது. தனியே ஒரு பக்கத்துக்கு அந்தச் சக்தி அபூர்வம். இயக்கமுறைமை, நினைவகம், உள்ளே புகுந்த வேறு மென்பொருள் என்று தேட வேண்டிய இடம் மாறுகிறது. இந்த ஒரு கேள்வியைக்கூடக் கேட்காமல்தான் ‘கேஷை அழித்துப் பாருங்கள்’ என்கிறார்கள்.

கிராஷ் என்பது என்ன என்பதிலும் பொதுக்கருத்து தடுமாறுகிறது. மென்பொருள் நாள்பட நாள்பட ‘தேய்ந்துபோய்’ நின்றுவிடுகிறது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. உண்மையில் நடப்பது வேறு. ஒரு நிரல் தனக்குச் சொந்தமில்லாத நினைவக இடத்தைத் தொட முயன்றால், இயக்கமுறைமை அதை அந்தக் கணமே நிறுத்துகிறது. விண்டோஸ் இதை ‘சி0000005’ என்ற குறியீட்டோடு பதிவு செய்யும். இன்னொரு வகையில் பிரவுசர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது: உள்ளே ஒரு கணக்கு ஒத்துப்போகவில்லை, தொடர்ந்து ஓடினால் அதையே ஓட்டையாக்கி யாராவது உள்ளே வரலாம் என்று கண்டதும், எழுதிவைத்த விதிப்படி விழுந்துவிடும். ‘80000003’ என்ற குறியீடு பெரும்பாலும் இந்த வகையைக் காட்டுகிறது. இரண்டு வகையிலும் விழும் கணத்தில் எந்தப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது, என்னென்ன கோப்புகள் நினைவகத்தில் இருந்தன என்பதெல்லாம் சின்னக் கோப்பாக எழுதி வைக்கப்படுகிறது. அதற்கு மினிடம்ப் என்று பெயர். நோயாளி தானே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது. பழுதுபார்ப்பவர் முதலில் செய்வது அதைக் குப்பையில் போடுவதாக இருந்தால், மற்றதெல்லாம் வெறும் ஊகமே.

ரீஇன்ஸ்டால் எதை மாற்றுகிறது, எதை மாற்றுவதில்லை என்று இனிப் பார்க்கலாம். கணினியில் பிரவுசர் இரண்டு இடங்களில் வாழ்கிறது. நிரல் கோப்புகள் ஓரிடம். புரொஃபைல் எனப்படும் பயனரின் தனிச் சேமிப்பு வேறிடம். புக்மார்க், கடவுச்சொல், எக்ஸ்டென்ஷன், அமைப்புகள், கேஷ் எல்லாம் புரொஃபைலைச் சேர்ந்தவை. நீக்கிவிட்டு மறுபடி நிறுவும்போது மாறுவது நிரல் கோப்புகள் மட்டுமே. அந்தக் கோப்புகளோ நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பத்தோடு வந்து, சில வாரங்களுக்கு ஒருமுறை தாமாகப் புதுப்பித்துக்கொள்பவை. அதே பதிப்பு ஓடும் கோடிக்கணக்கான கணினிகளில் இருக்கும் அதே பைட்டுகள். கெட்டுப்போகும் வாய்ப்பு மிகக் குறைந்த பகுதியை எடுத்துவிட்டு, அதன் நகலை அதே இடத்தில் வைப்பதுதான் ரீஇன்ஸ்டால். புரொஃபைலில் கோளாறு என்றால் அது அப்படியே காத்திருக்கும். நீக்கும்போது வரும் ‘பிரவுசிங் டேட்டாவையும் அழிக்கவா’ என்ற கட்டத்தில் டிக் செய்து அதையும் அழித்தாலும், கணக்கில் உள்நுழைந்த மறுநிமிடம் சிங்க் வசதி அதே எக்ஸ்டென்ஷன்களையும் அமைப்புகளையும் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

கேஷ் பற்றி நிலவும் நம்பிக்கை இன்னும் பலவீனமானது. ஏற்கெனவே பார்த்த பக்கங்களின் படங்களும் எழுத்துருக்களும் ஸ்கிரிப்ட்களும் அடுத்த முறை சீக்கிரம் வரட்டும் என்று வட்டில் வைத்திருக்கும் சேமிப்பு அது. பழைய கோப்பு ஒன்று அதில் தங்கிவிட்டால் பக்கம் கோணலாகத் தெரியலாம், பொத்தான் வேலை செய்யாமல் போகலாம், உள்நுழைவு சுற்றிச் சுற்றி வரலாம். அந்தத் தொல்லைகளுக்குக் கேஷை அழிப்பது சரியான மருந்து. அதனால்தான் அந்த அறிவுரைக்கு இவ்வளவு நல்ல பெயர். பிரவுசரை வீழ்த்துவது வேறு விஷயம். கேஷில் இருப்பதும் இணையத்திலிருந்து வந்த அதே பொருள்தான். நம்பத்தகாதது என்ற எச்சரிக்கையோடுதான் பிரவுசர் அதைப் படிக்கிறது, கெட்டிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி இறக்கிக்கொள்கிறது. கேஷால் பிரவுசரே விழும் சம்பவங்கள் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. வரிசையில் அதற்கு முதலிடம் கொடுக்க எந்த நியாயமும் இல்லை என்பதே இங்கே சொல்ல வருவது.

அப்படியானால் பிரவுசரை எவை வீழ்த்துகின்றன? விண்டோஸில் முதல் சந்தேகத்துக்கு உரியவை, பிரவுசருக்குள் வந்து உட்காரும் பிற நிறுவன மென்பொருள்கள். ஆன்டிவைரஸ், திரைப்பதிவுக் கருவி, கடவுச்சொல் பெட்டகம், அலுவலகக் கண்காணிப்பு மென்பொருள் போன்றவை டிஎல்எல் எனப்படும் தங்கள் நிரல் கோப்பை பிரவுசரின் புராசஸுக்குள் செலுத்துகின்றன. பிரவுசர் புதுப்பிக்கப்பட்டு உள்ளமைப்பு மாறும்போது, அந்த விருந்தாளி பழைய இடத்தில் கைவைத்து எல்லாவற்றையும் சரித்துவிடும். 2017 நவம்பரில் குரோம் குழு இதை வெளிப்படையாகவே எழுதியது: விண்டோஸில் குரோம் பயன்படுத்துவோரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினரின் கணினியில் குரோமோடு ஊடாடும் வேறு மென்பொருள் இருக்கிறது, உள்ளே தன் நிரலைச் செலுத்தும் மென்பொருள் இருப்பவர்களுக்கு கிராஷ் ஆகும் வாய்ப்பு 15% அதிகம். அதைத் தொடர்ந்து 2018இல் இத்தகைய மென்பொருள்களைப் பற்றி எச்சரிக்கவும் பிறகு தடுக்கவும் குரோம் தொடங்கியது.

இத்தகைய தடுப்பே எப்படி முட்டிக்கொண்டது என்பதற்கு 2019 அக்டோபரில் வந்த குரோம் 78 ஒரு பாடம். பக்கங்களை ஓட்டும் புராசஸுக்குள் அறியப்படாத வெளி நிரல் நுழைவதைத் தடுக்கும் பாதுகாப்பு அந்தப் பதிப்பில் வந்தது. சைமன்டெக் எண்ட்பாயின்ட் புரொடெக்ஷனின் பழைய பதிப்புகள் ஓடிய அலுவலகக் கணினிகள் சிலவற்றில், குரோமைத் திறந்ததும் எல்லாப் பக்கங்களும் செத்தன. பிரவுசரின் சொந்த அமைப்புகள் பக்கம்கூடத் திறக்கவில்லை. அங்கே கேஷை அழித்தாலும் குக்கீயை அழித்தாலும் புரொஃபைலை மாற்றினாலும், நீக்கிவிட்டு நிறுவினாலும் வரப்போவது அதே 78தான், மோதப்போவதும் அதே ஆன்டிவைரஸ்தான். பாதுகாப்பு மென்பொருளைப் புதிய பதிப்புக்கு உயர்த்துவதே நிலையான தீர்வாக இருந்தது. பொதுக்கருத்தின் படிக்கட்டில் அந்த ஒரு படி மட்டும் இல்லை.

கணினிக்கு வெளியிலிருந்தும் காரணம் வரலாம் என்பதை இந்த வைத்தியம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. 2022 ஜனவரி 13 அன்று உலகெங்கும் ஃபயர்ஃபாக்ஸ் ஏறக்குறைய 2 மணி நேரம் எந்தத் தளத்தையும் திறக்காமல் உறைந்தது. முந்தைய நாள்வரை நன்றாக ஓடிய அதே பதிப்பு, அதே கணினி. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா பிறகு வெளியிட்ட விளக்கம் படிக்க வேண்டிய ஒன்று. மொசில்லா பயன்படுத்திய கிளவுட் சேவை, முன்னறிவிப்பின்றித் தன் சுமைப் பகிர்வான்களில் எச்டிடிபி/3 நெறிமுறையை இயக்கியது. ஃபயர்ஃபாக்ஸின் ஒரு பகுதி அனுப்பும் தலைப்பு வரி சிறிய ஆங்கில எழுத்துகளில் இருந்தது. எச்டிடிபி/3 பகுதியோ பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு பார்த்துத் தேடியது. தேடிய வரி கிடைக்காமல் அது முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொண்டது. எல்லா இணைப்புகளும் அந்த ஒரே இழையின் வழியாகப் போவதால் பிரவுசர் முழுவதும் நின்றது. அந்த நேரத்தில் ஃபயர்ஃபாக்ஸை நீக்கி மறுபடி நிறுவியவருக்கு எந்தப் பலனும் இருந்திருக்காது. சர்வர் பக்கம் மாற்றத்தைத் திரும்பப் பெற்ற பிறகு நிறுவியவருக்கோ ‘ரீஇன்ஸ்டால் பண்ணினேன், சரியாகிவிட்டது’ என்று தோன்றியிருக்கும்.

2021 மார்ச்சில் ஆண்ட்ராய்டு ஃபோன்களிலும் இதுதான் நடந்தது. ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்ததும் மூடின. பழுது அந்தச் செயலிகளில் இல்லை. செயலிகளுக்குள் வலைப்பக்கத்தைக் காட்டும் ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’ என்ற பொதுப் பகுதியில் இருந்தது. குரோமுக்கும் வெப்வியூவுக்கும் சோதனை அமைப்புகளைத் தொலைவிலிருந்து அனுப்பும் தொழில்நுட்பத்தில் பிழை என்று கூகுள் தெரிவித்து, இரண்டுக்கும் புதிய பதிப்பு விட்டது. மூடுகிற செயலியை மட்டும் நீக்கி நீக்கி நிறுவியவர்கள் பழுதின் பக்கமே போகவில்லை.

ஃபோனில் ஓர் எழுத்தே செயலிகளை வீழ்த்திய காலமும் உண்டு. 2018 பிப்ரவரியில், ‘ஞானம்’ என்பதைத் தெலுங்கில் எழுதும்போது முதலில் வரும் கூட்டெழுத்தைத் திரையில் வரைய முயன்றதுமே ஐஃபோன் செயலிகள் மூடின. எழுத்துகளைக் கோத்து வரையும் ஆப்பிளின் பொதுப் பகுதியில் பிழை.  நம் மொழிகள் புழங்கும் இடத்தில் இந்த வகைக் கோளாறை யாரும் மறக்கக் கூடாது. மருந்து ஐஓஎஸ் 11.2.6 புதுப்பிப்பாகவே வந்தது.

நினைவகத்துக்கு வருவோம். ‘ரேம் நிறைய காலியாக இருக்கிறதே, பிறகு ஏன் நினைவகம் போதவில்லை என்கிறது’ என்ற கேள்வி அடிக்கடி எழும். விண்டோஸ் ஒரு நிரலுக்கு நினைவகம் தருவதாக ஒப்புக்கொள்ளும்போதே, அந்த அளவை ரேமும் வட்டிலுள்ள பேஜ் ஃபைலும் சேர்ந்த மொத்தக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. நிரல் அதை உடனே பயன்படுத்தாவிட்டாலும் ஒதுக்கியது ஒதுக்கியதுதான். இந்தக் கணக்கு நிறைந்துவிட்டால், ரேமில் இடம் கிடந்தாலும் அடுத்துக் கேட்பவருக்குக் கிடையாது. கேட்பது பெரும்பாலும் பிரவுசர், விழுவதும் அதுவே. 2022இல் ஃபயர்ஃபாக்ஸ் பொறியாளர்கள் இதற்கு ஓர் எளிய மாற்றம் செய்தார்கள். நினைவகம் மறுக்கப்பட்டால் உடனே விழாமல், விண்டோஸ் பேஜ் ஃபைலைப் பெரிதாக்கும்வரை சற்றுக் காத்திருந்து மறுபடி கேட்பது. அதனால் மட்டும் தாய் புராசஸில் நினைவகப் பற்றாக்குறையால் வந்த கிராஷ்கள் 70%க்கு மேல் குறைந்தன. இதன் பின்னணியில், ‘வேகம் கூடும்’ என்று சொல்லி பேஜ் ஃபைலை அணைத்துவைக்கும் பழக்கத்தைப் பார்க்க வேண்டும். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் பேஜ் ஃபைலை அணைப்பவர், அல்லது சி டிரைவை அது வளர இடமில்லாமல் நிரப்பி வைத்திருப்பவர், பிரவுசர் கிராஷைத் தன் கையாலேயே ஏற்பாடு செய்துவைக்கிறார். அவரிடம் பிரவுசரை ரீஇன்ஸ்டால் செய்யச் சொல்வது பெரிய அநியாயம்.

கிராஃபிக்ஸ் டிரைவர் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பக்கத்தை வரைவது முதல் வீடியோவை விரிப்பது வரை இன்றைய பிரவுசர் கிராஃபிக்ஸ் சிப்பை நம்பியிருக்கிறது. வீடியோ ஓடும்போதோ, வரைபடம் திறக்கும்போதோ, இன்னொரு திரையைச் செருகும்போதோ மட்டும் விழுகிறது என்றால் டிரைவர்தான் முதல் சந்தேகம். அமைப்புகளில் ‘கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன்’ என்ற ஒரே சுவிட்சை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அணைத்ததும் நின்றுபோனால், சிப் தயாரித்தவரின் புதிய டிரைவரைப் போட்டுவிட்டு மறுபடி இயக்கலாம்.

வன்பொருள் அப்படிச் சுருக்கிச் சொல்லிவிடக் கூடியதல்ல. இங்கேதான் பொதுக்கருத்து மிக அதிகமாக ஏமாறுகிறது. நினைவகச் சிப்பில் ஒரே ஒரு பிட் தானாகப் புரண்டால், ஒரு முகவரி இன்னொரு முகவரியாகிவிடலாம்; அந்த முகவரியைத் தொடும் நிரல் விழலாம். கூகுளும் டொரொன்டோ பல்கலைக்கழகமும் சேர்ந்து கூகுளின் சர்வர்களில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடத்துக்குள் 8%க்கு மேற்பட்ட நினைவகப் பலகைகள் பிழை காட்டின. அந்தச் சர்வர்களில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் வகை நினைவகம் இருந்தது. வீட்டுக் கணினியில் பெரும்பாலும் அது இருப்பதில்லை, ஆகவே பிழை நடந்ததே யாருக்கும் தெரியாது. பிரவுசர் திறந்திருக்கும் நேரமும் அது பிடித்துவைக்கும் நினைவகமும் அதிகம் என்பதால், கெட்ட சிப்பின் மேல் அடிக்கடி போய் உட்காருவது பிரவுசர்தான். பழி அதன்மேல் விழுகிறது.

சிபியுவும் விதிவிலக்கில்லை. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் சிலவற்றில் அளவுக்கு மீறிய மின்னழுத்தம் சிப்பையே பழுதாக்குகிறது என்று அந்த நிறுவனம் 2024இல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை 2 வருடம் நீட்டியது. ஏற்கெனவே பழுதான சிப்பைத் திருத்தம் குணப்படுத்தாது. 2025 கோடையில் ஐரோப்பாவில் வெயில் ஏறியபோது இந்தச் சிப்கள் உள்ள கணினிகளிலிருந்து வரும் ஃபயர்ஃபாக்ஸ் கிராஷ் அறிக்கைகளும் ஏறின என்று மொசில்லாவின் பொறியாளர் ஒருவர் சொன்னார். அப்படிப்பட்ட கணினியில் விண்டோஸைப் பத்து முறை ஃபார்மட் செய்தாலும் பதினோராவது முறையும் பிரவுசர் விழும்.

இனி, கிராஷ் விட்டுச்செல்லும் தடயத்தை எப்படிப் படிப்பது? விண்டோஸில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’ என்பதன் கீழ் ‘அப்ளிகேஷன்’ பகுதிக்குப் போனால், பிரவுசர் விழுந்த நேரத்துக்கு நேராகச் சிவப்புக் குறியோடு ‘அப்ளிகேஷன் எரர்’ என்ற பதிவு பல சமயம் இருக்கும், எண் 1000. உள்ளே நிறைய வரிகள் இருந்தாலும் மூன்றைப் பார்த்தால் போதும். ‘ஃபால்டிங் அப்ளிகேஷன்’ என்பது விழுந்தது யார் என்று சொல்கிறது. ‘ஃபால்டிங் மாட்யூல்’ என்பது விழுந்த கணத்தில் யாருடைய கோப்பு ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்கிறது. ‘எக்ஸெப்ஷன் கோட்’ என்பது எப்படி விழுந்தது என்று சொல்கிறது. மாட்யூல் பெயர் ‘என்வி’ என்று தொடங்கினால் பெரும்பாலும் என்விடியா டிரைவர். ‘ஏடிஐ’ என்றால் ஏஎம்டி. ‘ஐஜிடி’ என்றால் இன்டெல் கிராஃபிக்ஸ். ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் ஃபோல்டரில் இருக்கும் கோப்பு என்றால் விருந்தாளி பிடிபட்டார். ‘என்டிடிஎல்எல்’ என்று வந்தால் மட்டும் அவசரப்படக் கூடாது. விண்டோஸின் அடித்தளக் கோப்பு அது, எல்லா நிரலும் அதன் வழியாகத்தான் போகும். அது விழுந்த இடத்தைக் காட்டுகிறது, தள்ளியவரைக் காட்டவில்லை.

ஒரு பதிவோடு நிறுத்தாமல், கடைசியாக நடந்த ஐந்தாறு பதிவுகளை அடுத்தடுத்துப் பார்ப்பதுதான் இதில் முக்கியமானது. ஒவ்வொரு முறையும் அதே மாட்யூல், அதே குறியீடு என்றால் மென்பொருள் கோளாறு; பெயரும் கையில் கிடைத்துவிட்டது. ஒரு நாள் ஒரு மாட்யூல், மறுநாள் இன்னொன்று, நடுவில் வேர்டும் ஒரு முறை விழுந்திருக்கிறது, இடத்துக்கு இடம் தொடர்பே இல்லை என்றால் சந்தேகம் நினைவகத்தின் மேலும் சிபியுவின் மேலும் திரும்ப வேண்டும். அப்போது விண்டோஸிலேயே இருக்கும் ‘மெமரி டயக்னாஸ்டிக்’ சோதனையை இரவு முழுக்க ஓடவிடலாம். ஒரு ரேம் பலகையைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்து ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம்.

பிரவுசருக்குள்ளேயும் இதற்கு வழி உண்டு. ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டையில் ‘அபவுட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து ‘கிராஷஸ்’ என்று சேர்த்தால், இதுவரை விழுந்த எல்லா முறைக்கும் பட்டியல் வரும். அறிக்கையை அனுப்பியிருந்தால், சொடுக்கியதும் விழுந்த இடத்தின் பெயரும் அதே இடத்தில் விழுந்த மற்றவர்களின் பதிவுகளும் தெரியும். விண்டோஸில் ‘தேர்டு-பார்ட்டி’ என்ற இன்னொரு பக்கம், பிரவுசருக்குள் புகுந்திருக்கும் வெளி டிஎல்எல்களை நிறுவனப் பெயரோடு அடுக்கிக் காட்டுகிறது. குரோமிலும் கிராஷ்களுக்கு ஒரு பக்கம் உண்டு.

சோதனை முறையிலும் அழிக்க வேண்டிய அவசியம் வருவதில்லை. புரொஃபைல் சந்தேகமா, இருப்பதைத் தொடாமல் பக்கத்தில் ஒரு புதிய புரொஃபைலை உருவாக்கி, அதில் ஒரு நாள் வேலை செய்து பார்க்கலாம். அங்கேயும் விழுந்தால் பழைய புரொஃபைல் நிரபராதி. ஒரு கடவுச்சொல்லைக்கூட இழக்காமல் இது தெரிந்துவிடுகிறது. விழவில்லை என்றால் பழையதில் எக்ஸ்டென்ஷன்களைப் பாதிப் பாதியாக அணைத்து வரலாம். 16 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் நான்கு சுற்றில் ஒன்றில் வந்து நிற்கும். இங்கே ஒரு பொதுப் பிழையையும் திருத்த வேண்டும். ஃபயர்ஃபாக்ஸின் ‘டிரபிள்ஷூட் மோடு’ எக்ஸ்டென்ஷன்களை மட்டும் அணைப்பதில்லை. கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷனையும் அணைக்கிறது. ஆகவே அந்த மோடில் கிராஷ் நின்றுபோனால் ‘எக்ஸ்டென்ஷன்தான் காரணம்’ என்று எல்லாவற்றையும் நீக்குவது பாதிக் கணக்கு. டிரைவரும் அதே அளவு சந்தேகத்துக்கு உரியது.

ரீஇன்ஸ்டாலை ஆதரிப்பவர்களிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது: ‘செய்தால் சரியாகிறதே!’ அந்த அனுபவம் பொய்யல்ல, காரணத்தைத்தான் தவறாகப் படிக்கிறார்கள். ரீஇன்ஸ்டாலின்போது பிரவுசர் முழுவதும் மூடப்படுகிறது, பலர் கணினியையும் அணைத்துப் போடுகிறார்கள். நிறைந்து கிடந்த நினைவகக் கணக்கு காலியாகிறது. புதிதாக இறக்கியது புதிய பதிப்பு; நிறுவனம் ஏற்கெனவே திருத்திய பிழை அதோடு போகிறது, ‘அப்டேட்’ பொத்தானை அழுத்தியிருந்தாலும் போயிருக்கும். திறந்து கிடந்த 60 டேப்கள் போய்விட்டன. ஃபயர்ஃபாக்ஸில் 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு நிறுவலுக்கும் தனி புரொஃபைல் என்பதால், வேறு ஃபோல்டரில் நிறுவியவருக்குப் புத்தம்புது புரொஃபைல் கிடைக்கிறது. ‘கிராஷ் போய்விட்டது, ஆனால் புக்மார்க்கையெல்லாம் காணோம்’ என்ற குழப்பம் வருவது இதனால். இவற்றில் எது பலித்தது என்று தெரியாததால், அடுத்த மாதம் மறுபடி விழும்போது மறுபடியும் மொத்தத்தையும் அழிக்க வேண்டியிருக்கிறது.

‘சாதாரண மனிதர் லாக் எல்லாம் படிப்பாரா’ என்பது அடுத்த வாதம். படிக்க வேண்டியது மூன்று வரி. மருத்துவமனை ரிப்போர்ட்டில் சர்க்கரை அளவு எந்த வரியில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கத் தெரிந்தவருக்கு இது கஷ்டமில்லை. அவருக்கே முடியாவிட்டாலும், அதற்காகவே பணம் வாங்கும் பழுதுபார்ப்பவருக்கு முடிய வேண்டும். நேரம் மிச்சம் என்ற வாதமும் நிற்காது. அழிப்பதற்கு ஆகும் ஐந்து நிமிடத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, வங்கி, வருமான வரி, மின் கட்டணம், பிள்ளையின் பள்ளி என்று ஒவ்வொன்றாக உள்நுழைந்து, மறந்த கடவுச்சொல்லுக்கு ஓடிபி கேட்டு, அந்த ஓடிபி எப்போதோ மாற்றிய பழைய எண்ணுக்குப் போய் நிற்கும் நாட்களைக் கணக்கில் விடுகிறார்கள்.

ஃபார்மட் இன்னும் கொடியது. குரோம் சேமித்த கடவுச்சொற்கள் விண்டோஸ் பயனர் கணக்கோடு பூட்டப்பட்டவை. ‘டேட்டாவை எல்லாம் பேக்கப் எடுத்துவிட்டோம்’ என்று கடையில் சொல்லி, புரொஃபைல் ஃபோல்டரைப் பென்டிரைவில் கொடுத்தாலும், ஃபார்மட்டுக்குப் பின் அந்தக் கோப்பிலிருந்து கடவுச்சொல் வராது. பழைய கணக்கோடு சாவியும் போய்விட்டது. ஃபயர்ஃபாக்ஸில் கடவுச்சொல் ஒரு கோப்பிலும் அதன் சாவி இன்னொரு கோப்பிலும் இருக்கின்றன. ஒன்றை மட்டும் நகலெடுத்தால் இரண்டும் வீண். வயதான பெற்றோரின் கணினியில் இது நடந்தால், ஒவ்வொரு கணக்காகத் திரும்ப உயிர்ப்பிக்க வாரக்கணக்கில் ஆகும். பழுது சிப்பிலோ டிரைவரிலோ இருந்திருக்கும், இழந்தது மட்டும் அவர்கள்.

‘வேறு பிரவுசருக்கு மாறிவிடுங்கள்’ என்ற அறிவுரையையும் இதே தராசில் வைக்கலாம். 2020 ஜனவரி முதல் எட்ஜ், குரோமின் அடித்தளமான குரோமியத்தின் மேல்தான் ஓடுகிறது. பிரேவ், ஓபரா, விவால்டியும் அப்படியே. குரோமிலிருந்து எட்ஜுக்கு மாறுபவர் பெயர்ப் பலகையைத்தான் மாற்றுகிறார், எஞ்சினை மாற்றவில்லை. ஐஃபோனில் பெரும்பாலான நாடுகளில் எல்லா பிரவுசர்களுக்கும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் ஒன்றுதான். மாற்றத்தால் ஏதாவது தெரிய வேண்டுமென்றால் குரோமியத்திலிருந்து ஃபயர்ஃபாக்ஸுக்கோ, ஃபயர்ஃபாக்ஸிலிருந்து குரோமியத்துக்கோ மாறிப் பார்க்க வேண்டும். இரண்டுமே விழுந்தால் காரணம் இரண்டுக்கும் கீழே இருக்கிறது என்று நம்பலாம்.

ரீஇன்ஸ்டாலுக்கு உரிய இடம் ஒன்று உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆன்டிவைரஸ் தவறாக பிரவுசரின் சொந்தக் கோப்பு ஒன்றைத் தனிமைப்படுத்திவிட்டாலோ, புதுப்பிப்பு ஓடும்போது நடுவில் மின்சாரம் போனாலோ, வட்டில் பழுதான பகுதி நிரல் கோப்பின்மேல் விழுந்தாலோ பிரவுசர் பெரும்பாலும் திறக்கவே மறுக்கும், அல்லது திறந்த நொடியே விழும். ஃபால்டிங் மாட்யூலும் பிரவுசரின் சொந்தக் கோப்பாகவே இருக்கும். அந்த நிலையில் நிரலை மட்டும் நீக்கிவிட்டு, அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் வைக்காமல், அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கி நிறுவலாம். அதற்கு முன் பிரவுசரை மூடி புரொஃபைல் ஃபோல்டரை முழுவதுமாக வேறு டிரைவுக்கு நகலெடுத்து, கடவுச்சொற்களைத் தனியாக ஏற்றுமதி செய்து பத்திரமான இடத்தில் வைக்க வேண்டும். பழைய கிராஷ் அறிக்கைகளையும் முதலில் அனுப்பிவிட வேண்டும். ஒரே இடத்தில் விழுந்த ஆயிரக்கணக்கான அறிக்கைகள் சேரும்போதுதான், இந்த டிரைவரின் இந்தப் பதிப்பு என்று பொறியாளர்களால் அடையாளம் கண்டு அடுத்த வெளியீட்டில் தடைப்பட்டியலில் போட முடிகிறது. அனுப்பாமல் அழித்த அறிக்கை அந்தக் கணக்கில் வராது.